‘நாம்’ என்னும் சொல்லும் மாயைச் சந்தையும்: தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலின் அங்கதமும் தமிழ் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஓர் அங்கத நாவல், அது எள்ளிய சமூகம் மறைந்த பின்னரும் ஏன் படிக்கப்படுகிறது என்பது இலக்கிய வரலாற்றாசிரியரின் கேள்வி. அந்த ஈர்ப்பு வேறொரு மொழிக்குள் சென்று சேருமா என்பது மொழிபெயர்ப்பாளரின் கேள்வி. வில்லியம் மேக்பீஸ் தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலைப் பொறுத்தவரை இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் உள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடம் கதைநிகழ்ச்சி அன்று; கதைசொல்லி தம்மையும் படிப்பவரையும் எந்த இடப்பெயரால் குறிக்கிறார் என்பதாகும்.

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவமே உண்டு. தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரை உள்ளடக்குவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. தாக்கரேயின் அங்கதம் தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஆங்கிலத்தின் அந்த ஒற்றை வடிவத்திலிருந்தே பெறுகிறது. ஆகவே, தமிழில் அவரைப் பெயர்ப்பவர், மூல ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்ட ஒன்றைப் பக்கந்தோறும் முடிவு செய்தாக வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதே அம்முடிவு.

2. நாவலும் கதைசொல்லியும்

இந்நாவல் 1847 ஜனவரி முதல் 1848 ஜூலை வரை, ஒரு ஷில்லிங் விலையுள்ள மாதப் பகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. நூல்வடிவில் 67 இயல்களைக் கொண்டது. படங்களையும் தாக்கரேயே வரைந்தார். கதைத்தலைவன் இல்லாத நாவல் என்பது நூலின் துணைத்தலைப்பு. நெப்போலியன் போர்க் காலத்தில் தொடங்கும் கதையில் இரு பெண்கள் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றனர். ஓவிய ஆசிரியர் ஒருவருக்கும் பிரெஞ்சு நடனக்காரி ஒருத்திக்கும் பிறந்து, பொருளின்றி, அறிவு ஒன்றையே முதலாகக் கொண்டு உயர முயல்பவள் பெக்கி ஷார்ப். வணிகர் வீட்டில் பிறந்து, தகுதியற்ற கணவனின் நினைவைப் போற்றியே நெடுங்காலத்தைக் கழிப்பவள் அமீலியா செட்லி.

முதல் இயலிலேயே மொழியியலாளர் கவனத்திற்குரிய ஒரு காட்சி உள்ளது. பள்ளியை விட்டு வெளியேறும் பெக்கி, தலைமையாசிரியையிடம் பிரெஞ்சு மொழியில் விடைபெறுகிறாள். அம்மையாருக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியாது என்று மாணவியர் முன் ஒப்புக்கொள்ளவும் இயலாது. சிறிது நேரத்தில், இரக்கமுள்ள தங்கை ஜெமைமா மறைவாகக் கொண்டுவந்து கொடுத்த ஜான்சன் அகராதியைப் பெக்கி வண்டியின் சன்னல் வழியே எறிந்துவிடுகிறாள். மொழியறிவு தகுதியின் அடையாளமாகவும் அதிகாரத்தின் கருவியாகவும் இருந்த ஒரு சமூகத்தை இரண்டே செயல்களில் நாவல் அறிமுகம் செய்துவிடுகிறது.

ஆயினும் நாவலின் மையம் பெக்கி அல்லள், கதைசொல்லியே. அவர் ஓரிடத்தில் பொம்மலாட்டக்காரர், ஓரிடத்தில் பிரசங்கி, 62ஆம் இயலில் ஜெர்மனியின் சிறுநகர் ஒன்றில் இப்பாத்திரங்களை நேரில் கண்ட பயணி. இம்மாற்றங்களை முரண்பாடு என்று குறைகூறியோர் உண்டு. ஆனால் இவற்றுள் ஒன்று மட்டும் மாறுவதில்லை: கதைசொல்லி தாம் எள்ளும் கூட்டத்திற்கு வெளியே ஒருபோதும் நிற்பதில்லை. மாதப் பகுதிகளின் மேலட்டையில், கழுதைக் காதுகள் உள்ள கோமாளித் தொப்பியணிந்த ஒருவன், அதே தொப்பியணிந்த கூட்டத்திற்கு உபதேசம் செய்வதாகப் படம் இருந்தது. 8ஆம் இயலில் கதைசொல்லி அப்படத்தைச் சுட்டி, அந்த உபதேசி தாமே என்றும், தம் உடையும் கேட்போர் உடையும் ஒன்றே என்றும் சொல்லிக்கொள்கிறார். 1846–47இல் ‘பஞ்ச்’ இதழில் போலிப்பெருமைக்காரர்களைப் பற்றித் தாக்கரே எழுதிய தொடரும், அவர்களுள் ஒருவரே எழுதுவதாக ஆசிரியர் குறிப்புடன்தான் வெளிவந்தது.

பனியனின் சமய உருவகக் கதையிலிருந்து (1678) தலைப்பை எடுத்துக்கொண்ட தாக்கரே, அதன் அமைப்பைத் தலைகீழாக்கிவிட்டார் என்பது இங்கு நோக்கத்தக்கது. பனியனின் பயணி சந்தையைக் கடந்து செல்பவன். அங்கு அவன் அயலான். தாக்கரேயின் சந்தைக்கு வெளியே செல்லும் வழி இல்லை. விற்போர், வாங்குவோர், வேடிக்கை பார்ப்போர், வேடிக்கை காட்டுவோர் ஆகிய அனைவரும் சந்தைக்காரர்களே.

3. தன்மைப் பன்மையின் மூன்று நிலைகள்

நாவலில் கதைசொல்லி தன்மைப் பன்மையைப் பயன்படுத்தும் இடங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஆசிரியப் பன்மை. எழுதுபவர் ஒருவரே தம்மைப் பன்மையில் கூறுவது. வாட்டர்லூப் போர் நெருங்கும்போது, தாம் போர்க்கள நாவலாசிரியர் வரிசையில் சேர்ந்தவரல்லர் என்றும், போரிடாதோர் நடுவிலேயே தமக்கு இடம் என்றும் கதைசொல்லி கூறுவது இவ்வகை. இரண்டாவது, எழுதுபவரும் படிப்பவரும் சேர்ந்த பன்மை. நண்பர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்தை நினைப்பதும், செல்வமுள்ள உறவினரிடம் தனி அன்பு காட்டுவதும் எல்லோர்க்கும் இயல்பு என்று பேசும் இடங்கள் இவ்வகை. மூன்றாவது, ஒரு வகுப்பையோ நாட்டையோ குறிக்கும் பன்மை: கல்வியுடைய, நடுத்தர வருவாயுடைய ஆங்கிலேயர்.

ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், ஒன்று எப்போது மற்றொன்றாகிறது என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை. ஆசிரியப் பன்மை என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டே வருபவர், வாக்கிய முடிவில் தாமும் அதனுள் அகப்பட்டிருப்பதைக் காண்கிறார். இவ்வழுக்கலே தாக்கரேயின் தனித்த உத்தி.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கும். வெளிப்படையாக வசைகூறுவது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. தாக்கரேயினது பெரும்பாலும் பழிகரப்பே. ஆயின் அவர் மறைப்பது பழியை மட்டுமன்று, பழிக்கப்படுபவர் யார் என்பதையும்தான்.

தமிழில் ‘நாம்’ என்றால் படிப்பவர் முதற்சொல்லிலேயே எச்சரிக்கப்படுகிறார். ‘நாங்கள்’ என்றால் தப்பித்துக்கொள்கிறார். இரண்டிலும் வழுக்கல் இல்லை. ஆனால் தமிழின் வினைமுற்று ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. பழந்தமிழில் அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்னும் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் உரையாசிரியர்கள் வேறுபடுத்துவர். இக்காலத் தமிழில் இவ்வேறுபாடு இடப்பெயரில் நின்றுவிட்டது, வினையில் இல்லை. ‘நாம் பார்த்தோம்’, ‘நாங்கள் பார்த்தோம்’ ஆகிய இரண்டிற்கும் ‘-ஓம்’ ஒன்றே. எழுவாயின்றி ‘பார்த்தோம்’ என்று மட்டும் எழுதினால், கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது தீர்மானிக்கப்படாமல் நிற்கும். எழுவாய் தோன்றாதிருத்தல் தமிழுக்கு இயல்பாதலால் வாக்கியமும் செயற்கையாக ஒலிக்காது.

எனவே ஆசிரியப் பன்மைக்கும் பொதுப்பன்மைக்கும் இடைப்பட்ட இடங்களில் இடப்பெயரை விடுத்து வினைமுற்றை மட்டும் பயன்படுத்துவதும், கதைசொல்லி வலையை இழுக்கும் இடத்தில் மட்டும் ‘நாம்’ என்று வெளிப்படையாகச் சொல்வதும் மூலத்தின் இயக்கத்திற்கு மிக அண்மையான முறையாகும். இம்முறையில் ‘நாம்’ அருகி வரும். அருகி வருவதால் அதன் விசை கூடும்.

இத்தகைய கதைசொல்லி தமிழ் வாசகருக்குப் புதியவர் அல்லர். ‘பொன்னியின் செல்வன்’ (1950–54) முதலிய தொடர்கதைகளில் கல்கி வாசகரை விளித்து, உடனழைத்துச் செல்கிறார். ஆனால் கல்கியின் ‘நாம்’ வழித்துணையின் ‘நாம்’. தாக்கரேயின் ‘நாம்’ உடந்தையின் ‘நாம்’. கல்கியின் நடையை அப்படியே மேற்கொள்ளும் மொழிபெயர்ப்பு இனிமையாக இருக்கும், குத்து இராது.

4. சந்தையின் எல்லை: மிளகாயும் சென்னையும்

இதுவரை கூறியது இலக்கண உத்தியால் தீர்க்கத்தக்க சிக்கல். அவ்வாறு தீராத சிக்கல் ஒன்று உண்டு. தாக்கரே 1811இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1815இல் இறந்தார். மகன் ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இந்தியா அவருடைய நாவலில் பின்னணியாகத் தொடர்ந்து வருகிறது; வங்காளத்தில் வரிவசூல் அதிகாரியாக இருந்து செல்வம் சேர்த்த ஜோஸ் செட்லி அதன் உருவம்.

3ஆம் இயலில் ஜோஸின் பெற்றோர் வீட்டு விருந்தில் பெக்கிக்குக் கறி பரிமாறப்படுகிறது. ஆங்கிலத்தில் அவ்வுணவைக் குறிக்கும் சொல்லே தமிழ்க் ‘கறி’யிலிருந்து சென்றதாகும். காரம் தாங்காமல் தவிக்கும் அவளிடம் ஜோஸ் ‘சில்லி’ வேண்டுமா என்கிறான். ஆங்கிலத்தில் அச்சொல் குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதால், குளிர்ந்த பொருள் என்று கருதி, அதன் பசுமையையும் வியந்து அவள் வாயிலிடுகிறாள். ‘மிளகாய்’ என்பதில் இச்சிலேடை அமையாது. ஆனால் ‘பச்சை’ என்னும் சொல்லுக்கு நிறம், இளமை, ஈரம் ஆகிய பொருட்சாயல்கள் உண்டு. ‘பச்சை மிளகாய்’ என்று சொல்லி, அவள் ‘பச்சை’ என்பதை மட்டும் பற்றிக்கொள்வதாக அமைத்தால் நகைச்சுவை ஓரளவு நிலைபெறும். இங்குத் தமிழ் வாசகர் ஆங்கில வாசகரைவிட உள்ளே இருக்கிறார். மிளகாய் என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

43ஆம் இயலில் நிலைமை தலைகீழாகிறது. வில்லியம் டாபின் பணியாற்றும் படைப்பிரிவு சென்னை மாகாணத்தில் உள்ளது. கதைசொல்லி வாசகரைப் பத்தாயிரம் மைல் கடந்து அங்கு வருமாறு அழைக்கிறார். அவ்வாறு அழைக்கும்போது இந்தியப் பேரரசைத் தன்மைப் பன்மை உடைமைச் சொல்லால் குறிக்கிறார். அதாவது, அது அவருக்கும் அவருடைய வாசகருக்கும் உரியது.

இங்கு இருப்பது வினையன்று, உடைமைச் சொல்; வினைமுற்றுக்குள் மறைய வழியில்லை. ‘நமது’ என்றால், சென்னையிலிருந்தே இதைப் படிக்கும் தமிழ் வாசகர் தம்மை ஆண்டோரின் வரிசையில் வைக்கப்படுகிறார். பத்தாயிரம் மைல் பயணமும் அவருக்குப் பொருந்தாது. ‘ஆங்கிலேயரின்’ என்றால் பொருள் சரியாகும், குரல் மறைந்துவிடும். ‘எங்கள்’ என்றால், அதுவரை 42 இயல்களாகக் கட்டப்பட்ட உடன்பாடு ஒரு சொல்லில் முறிகிறது.

இவற்றுள் ‘எங்கள்’ என்பதே ஏற்புடையது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. மூலத்தில் இல்லாத எல்லைக்கோட்டை இது வரைகிறது என்ற மறுப்பு எழலாம். கோடு மூலத்திலும் இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தில் அது புலப்படவில்லை என்பதே உண்மை. மனிதர் அனைவரையும் சந்தைக்காரர் என்று சொல்லும் அங்கதம், அச்சந்தையில் விலைபோன சிலரை மனிதர் கணக்கில் முழுமையாகச் சேர்க்கவில்லை. மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த செல்வப்பெண் மிஸ் ஸ்வார்ட்ஸ், கறுப்பின வேலையாள் சாம்போ, ஜோஸின் இந்தியப் பணியாள் ஆகியோர் பற்றிய பகுதிகளில் வாசகர் அவர்களைப் பார்த்துச் சிரிக்க அழைக்கப்படுகிறாரேயன்றி, அவர்களோடு சேர்ந்து சிரிக்க அழைக்கப்படவில்லை. தமிழின் இரட்டைப் பன்மை இவ்வுண்மையை வெளிக்கொணர்கிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைத் திறனாய்வதும் ஆகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

5. மரியாதைப் பன்மையும் கேள்விச் செய்தியும்

தமிழில் இழப்பு மட்டுமே நேர்வதில்லை, ஈட்டமும் உண்டு. இரண்டைக் குறிப்பிடலாம்.

முதலாவது, மரியாதைப் பன்மை. ஆங்கிலப் படர்க்கை ஒருமையில் உயர்வு தாழ்வு இல்லை. தாக்கரே பட்டப்பெயர்களையும் நீண்ட புகழுரைகளையும் கொண்டே போலிப் பணிவைக் காட்டுகிறார். தண்டியலங்காரம் புகழ்வதுபோலப் பழித்தலை இலேச அணியின்பாற்படுத்தும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ‘-ஆர்’ விகுதியே அதற்குப் போதும். நாவல் முழுதும் ‘அவள்’ என்று குறிக்கப்படும் பெக்கி, 48ஆம் இயலில் அரசர் முன்னிலைக்கு அழைத்துச் செல்லப்படும்போது மட்டும் ‘அவர்’ ஆகி, மீண்டும் ‘அவள்’ ஆவாளாயின், சமூகத்தின் தலைவணக்கம் எத்துணை மலிவானது என்பது விளக்கமின்றி விளங்கும். ஆனால் இவ்வுத்தியை ஓரிரு இடங்களுக்கு மேல் கையாளலாகாது.

இரண்டாவது, கேள்விச் செய்தியைக் குறிக்கும் ‘-ஆம்’. ஸ்டெய்ன் பிரபுவின் குடும்ப வரலாற்றைக் கதைசொல்லி தம் பொறுப்பில் கூறுவதில்லை. எல்லாம் அறிந்தவராகிய டாம் ஈவ்ஸ் என்னும் வம்பர் சொன்னதாகவே கூறுகிறார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு செய்திக்கும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அல்லது சொல்லாமல் விட்டுக் கதைசொல்லியின் கூற்றோ என மயங்கவிட வேண்டும். தமிழில் ‘இருந்தாராம்’, ‘அடைத்து வைத்தார்களாம்’ என்னும் வினைகளே கூற்றின் பொறுப்பைத் துறந்துவிடுகின்றன.

இதற்கு மாறாக, வினா எழுத்துகளில் கவனம் தேவை. 53ஆம் இயலில் கணவன் ராடன், பெக்கியை ஸ்டெய்ன் பிரபுவுடன் தனியே காண்கிறான். பின்னர் அவள் குற்றமுடையவளா இல்லையா என்று கதைசொல்லி வினவி, விடை கூறாது செல்கிறார். இதனைக் ‘குற்றமுடையவளோ’ என்று பெயர்ப்பின், ஓகாரம் கதைசொல்லியின் ஐயமாகிவிடும். அவர் ஐயுறவில்லை, சொல்ல மறுக்கிறார். ‘குற்றமுடையவளா’ என்னும் ஆகார வினாவே வாசகரை நடுவராக்கி, விடையை அவரிடம் வேண்டுகிறது. 41ஆம் இயலில், ஆண்டுக்கு ஐயாயிரம் பவுண்டு வருவாய் இருப்பின் தானும் நல்லவளாக வாழலாம் என்று பெக்கி எண்ணுகிறாள். அவள் எண்ணம் சரியாகவும் இருக்கலாமே என்று கதைசொல்லி குறிப்பிட்டு, வயிறார விருந்துண்டு திரும்பும் நகரப் பெரியவர் இறைச்சி திருட வண்டியிலிருந்து இறங்கமாட்டார், பட்டினி கிடந்தால் ரொட்டியைத் திருடமாட்டாரா என்று கேட்கிறார். அங்கு ‘யார் கண்டது?’ என்னும் தமிழ் வழக்கு பொருத்தமானது. அதில் தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை. கேள்வி அனைவர் மீதும் விழுகிறது.

இறுதி இயலில் ஜோஸ் இறக்கிறான். காப்பீட்டுத் தொகையில் பெக்கிக்கும் பங்கு உண்டு. அவள் கொலை செய்தாள் என்று உரை கூறவில்லை. ஆனால் தாக்கரே வரைந்த படத்தில் அவள் திரைக்குப் பின் மறைந்து நிற்கிறாள். படத்தலைப்பு, கணவனைக் கொன்ற கிரேக்க அரசி கிளைட்டம்னெஸ்ட்ராவை நினைவூட்டுகிறது. படங்களை நீக்கிப் பெயர்ப்பவர் சான்றில் பாதியை நீக்குகிறார்.

6. தலைப்பு

தலைப்பின் முதற்சொல் தற்பெருமை, வெறுமை ஆகிய இரு பொருளையும் தாங்குவது. தமிழ் விவிலியத்தின் பிரசங்கி நூல் இதனை ‘மாயை’ என்கிறது. நாவலின் இறுதியில் கதைசொல்லி நினைவுகூர்வதும் அந்நூலையே. பனியனின் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பாடியதால், இவ்வுருவகம் தமிழ் இலக்கிய மரபிற்கும் அயலானதன்று. ‘மாயைச் சந்தை’ என்பதில் வெறுமை வந்துவிடுகிறது, தற்பெருமை வரவில்லை. மேலும் மாயை என்னும் சொல் வேதாந்த, சித்தாந்தப் பொருளையும் உடன்கொண்டு வரும். மாயையினின்று விடுபட வழியுண்டு என்பது அத்தத்துவங்களின் கொள்கை. வழியில்லை என்பது தாக்கரேயின் முடிவு. ‘பகட்டுச் சந்தை’ என்பது தற்பெருமையைக் காட்டும். இறுதி வரியின் துயரத்தை இழக்கும். இழப்பு உறுதி எனின், துயரத்தைக் காக்கும் ‘மாயைச் சந்தை’யையே தேர்தல் நன்று. தற்பெருமையைக் கதை தானே காட்டிக்கொள்ளும்.

7. முடிவுரை

இந்நாவல் பன்முறை திரைவடிவம் பெற்றுள்ளது. மீரா நாயரின் 2004ஆம் ஆண்டுத் திரைப்படம் அவற்றுள் ஒன்று. திரைவடிவங்கள் பெரும்பாலும் பெக்கியின் ஏற்ற இறக்கக் கதையைக் காட்டுவன. கதைசொல்லிக்கு அங்கு இடம் அரிது. 2018ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடர் தாக்கரேயையே ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்தது அக்குறையை உணர்ந்ததன் விளைவு எனலாம். மொழிபெயர்ப்பிலும் இதே இடர் உண்டு. இடைப்பிறவரல் என்று கருதிக் கதைசொல்லியின் பேச்சுகளைச் சுருக்குவோர் கதையைக் காப்பாற்றி நாவலை இழக்கின்றனர். எஞ்சுவது, நெடுங்காலத்திற்கு முன் வாழ்ந்த ஆங்கிலச் செல்வர் சிலரைப் பற்றிய வசை மட்டுமே. அவ்வசையால் எவருக்கும் நோவில்லை. ஆதலால் பயனும் இல்லை.

படிப்பவரும் அதே தொப்பியை அணிந்திருக்கிறார் என்பதே இந்நாவலின் ஈர்ப்பு. அதனைத் தமிழில் தக்கவைக்கப் புதிய கலைச்சொற்கள் தேவையில்லை. ‘நாம்’, ‘எங்கள்’, ‘-ஓம்’ ஆகியவற்றை எங்கே சொல்வது, எங்கே சொல்லாது விடுவது என்னும் தெளிவு போதும்.